இரண்டு ஊரிலும் ‘ஒகாவா’ வந்தால் ஒரே கிருமியா?

கேள்வி: நான் ஆய்வக நுட்புநர். மூன்று வார இடைவெளியில் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் காலரா வந்தது. முதல் ஊரின் மாதிரிகள் எல்லாமே ஓ1 என்ற காலரா வகையின் ஒகாவா உட்பிரிவு. அடுத்த ஊரிலும் ஒகாவாதான், இரண்டு மட்டும் இனாபா என்ற இன்னொரு உட்பிரிவு. ஒரே கிருமிதான் பரவியதா? இனாபா வந்ததால் சிகிச்சையை மாற்ற வேண்டுமா?

பதில்: சிகிச்சையை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வகையாக இருந்தாலும் உயிரைக் காப்பது உப்பு-சர்க்கரைக் கரைசல்தான்; நிலைமை மோசமானால் நரம்பு வழித் திரவம். வகை தெரியட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இனி கிருமிக்கு வருவோம். ஸ்லைடில் ஒரு சொட்டு ஆன்டிசீரம் (வகையைக் கண்டறியும் சோதனைத் திரவம்) விட்டதும் பால் திரிந்ததுபோல் கட்டிகட்டியாகிறதே, அது காட்டுவது கிருமியின் மேல்சட்டையை மட்டும்தான். 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கிய ஏழாவது உலகப் பரவலின் எல் டோர் வகையில் ஒகாவாவும் உண்டு, இனாபாவும் உண்டு. அதனால் இரண்டு ஊரிலும் ஒகாவா என்பது உறவுக்குச் சான்றாகாது. இனாபா என்பது அந்நியன் வந்ததற்கும் சான்றாகாது. ‘டபிள்யூபிஇடி’ என்ற ஒரே மரபணு பழுதானால் போதும், ஒகாவா இனாபாவாகிவிடும். உங்கள் இரண்டு மாதிரிகளும் அப்படி வந்தவையாக இருக்கலாம்.

மேல்சட்டை முழுதாகவே மாறியதும் உண்டு. 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற காலரா வகை, எல் டோர் கிருமி சட்டை மாற்றிக்கொண்டு வந்ததுதான். ஓ1-க்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது படுக்கவைத்தது.

நச்சு மரபணுவை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அதைச் சுமந்து வருவது சிடிஎக்ஸ் என்னும் வைரஸ். ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மருந்து எதிர்ப்பைச் சுமக்கும் எஸ்எக்ஸ்டி என்ற டிஎன்ஏ துண்டும் அப்படித்தான். தாவுகிற சொத்தை வைத்து வம்சம் கணக்கிட முடியாது.

கணக்கிட வேண்டியது தாவாத பகுதியை. இந்தக் கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள், மொத்தம் சுமார் 40 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். ஏழாவது பரவலின் வம்சத்தில் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று எழுத்துகள்தான் மாறுகின்றன. ஆக, மூன்று வாரத்தில் பிரிந்த இரண்டு கிருமிகளுக்கிடையே பூஜ்யம், ஒன்று, மிஞ்சினால் இரண்டு வேறுபாடு இருக்கலாம். இருபது முப்பது வந்தால் அவை பிரிந்து வருடங்கள் ஆகிவிட்டன, மூலத்தை வேறெங்கோ தேடுங்கள். 2010-இல் ஹைட்டியில் காலரா வெடித்தபோது அங்கிருந்த கிருமிக்கும் நேபாளக் கிருமி சிலவற்றுக்கும் இருந்த வேறுபாடு ஒன்றிரண்டு எழுத்துதான். கிருமி எங்கிருந்து வந்தது என்பதற்கு வலுவான சான்று அது. ஆனால் அங்கேயும் யார், எப்போது, எந்த ஆற்றோரம் என்ற களவிசாரணை சேர்ந்த பிறகுதான் முழுக்கதை வந்தது. எண் தனியாகத் திசை சொல்லாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஊருக்கு ஐந்தாறு நோயாளிகளின் மாதிரியை, நோய் தொடங்கிய தேதியோடு எடுத்துவையுங்கள். காலரா கிருமியை வளர்க்கும் டிசிபிஎஸ் தட்டில் வரும் மஞ்சள் காலனிகளில் (கிருமித் திட்டுகளில்) ஒன்றை மட்டும் எடுத்து மறுபடி சுத்தமாக வளர்த்து, கிளிசராலில் −70 டிகிரியில் வையுங்கள். கலப்படமான காலனியை டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் வரிசையில் பொய் வேறுபாடுகள் குவியும். அந்த இரண்டு இனாபாவையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். மருந்து உணர்திறன் சோதனையை மட்டும் வரிசை முடிவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள், மருத்துவருக்கு அது இன்றைக்கே வேண்டும்.