குன்னூர்–ஊட்டி டிக்கெட்டில் நீராவி இன்ஜின் வருமா?

வராது. பிள்ளைகளுக்கு நீராவி இன்ஜின் காட்டத்தான் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு டிக்கெட் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நீலகிரி மலை ரயிலில் அந்தப் பகுதியில் பொதுவாக டீசல்தான் இழுக்கும். நீராவி ஓடுவது குன்னூருக்குக் கீழே, மேட்டுப்பாளையம் வரை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் 12.5 அடிக்கு ஓரடி ஏற்றம் என்பதால், இன்ஜினின் பல் சக்கரம் பிடித்து ஏற நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், இன்ஜின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

டிக்கெட்டில் ஏறுமிடம், இறங்குமிடம் இரண்டையும் முதலில் பாருங்கள். எல்லா நீலகிரி ரயிலும் நீராவி என்று நினைத்துப் பதிவு செய்பவர்கள் நிறைய.

கீழ்ப்பகுதி டிக்கெட் கிடைக்கவில்லையா? அதற்காக அலைய வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் 7 மணி வாக்கில் கிளம்பும் வண்டி பத்தரை வாக்கில் குன்னூர் வரும், அங்கே இன்ஜின் மாற்றுவார்கள். பிளாட்பார டிக்கெட் எடுத்து நின்றாலே புகை, விசில், எண்ணெய் வாசம் எல்லாம் கிடைத்துவிடும். சின்னப் பிள்ளைகளை மூன்றரை மணி நேரம் பெட்டிக்குள் உட்கார வைப்பதைவிட இது மேல் என்பேன் (விசிலுக்குக் காதைப் பொத்திவிடுங்கள்).

ஒன்று, அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் வண்டியை ரத்து செய்துவிடுவார்கள். முந்தின நாள் மாலையே விசாரித்துக்கொள்ளுங்கள், நேரமும் அவ்வப்போது மாறும்.