37 வாரத்தில் ஜிபிஎஸ் பாசிட்டிவ்: இப்போதே மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடாதா?

பெங்களூரில் 37 வாரக் கர்ப்பத்தில் எடுத்த ஸ்வாப் டெஸ்டில் (பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பார்ப்பது) ஜிபிஎஸ் என்ற கிருமி பாசிட்டிவ். டாக்டர் ஒரு மாத்திரைகூட எழுதாமல் "வலி வரும்போது ஊசி போட்டுக்கலாம்" என்று அனுப்பிவிட்டார், மாமியாரோ சுத்தமில்லாததால் வந்த நோய் என்கிறார். இதுதானே உங்கள் கேள்வி?

டாக்டர் செய்தது அலட்சியம் இல்லை. அதுதான் சரியான வைத்தியம்.

ஜிபிஎஸ் என்பது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அது குடியிருக்கும் இடம் குடல். அங்கிருந்து பிறப்புறுப்புக்கு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. இன்று மாத்திரை சாப்பிட்டால் சில நாள் அடங்கும், வலி எடுக்கும் நேரத்துக்குள் குடலிலிருந்து திரும்பி வந்துவிடும். பனிக்குடம் உடைந்த பிறகும், குழந்தை வெளியே வரும் வழியிலும்தான் ஆபத்து. ஆகவே மருந்து அந்த நேரத்தில் உங்கள் ரத்தம் வழியாக நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தையின் உடம்பில் இருக்க வேண்டும். பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்னால் முதல் ஊசி ஏறியிருந்தால் போதுமான பாதுகாப்பு என்பது கணக்கு. உங்கள் கவலையையெல்லாம் இந்த 4 மணி நேரத்தின் மேல் வையுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) இதே கிருமி ஒரு லட்சம் காலனிக்கு மேல் வந்திருந்தால் இப்போது மாத்திரையும் வேண்டும், பிரசவத்தில் ஊசியும் வேண்டும். பழைய யூரின் ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருக்கும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. பால்வினை நோயும் இல்லை, கணவருக்கு மருந்து தேவையில்லை. டெட்டால் தண்ணீர், பூண்டு, தயிர் என்று உள்ளே எதையும் வைக்காதீர்கள். புண்தான் மிஞ்சும்.

"லண்டனில் இந்த டெஸ்டே எடுப்பதில்லை, எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று கீழே கமெண்ட் எழுத வருபவர்களுக்கு: அங்கே எல்லோருக்கும் எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் அங்கேயும் பிரசவத்தில் ஊசி போடத்தான் சொல்கிறார்கள். சிடிசி கணக்குப்படி ஊசி இல்லாவிட்டால் 200 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும், போட்டால் 4000-இல் ஒன்றுக்கு. பாதிக்கப்படும் குழந்தைகள் குறைவுதான். வந்தால் நுரையீரல், ரத்தம், மூளைச்சவ்வு என்று போகிறது.

மருந்து விவரம். பெனிசிலின் என்றால் முதல் டோஸ் 50 லட்சம் யூனிட், அப்புறம் குழந்தை பிறக்கும்வரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம், நரம்பு வழியாக. 10 லட்சம் குப்பியாகக் கொடுத்தால் முதல் டோஸுக்கே 5 குப்பி ஆகும். ஃபார்மசி சீட்டில் ஐந்து என்று பார்த்து பில் ஏற்றுகிறார்கள் என்று வீட்டில் யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். நம் ஊரில் பல இடங்களில் ஆம்பிசிலின் போடுவார்கள்: முதலில் 2 கிராம், பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். அதுவும் சரியே.

பெனிசிலின் அலர்ஜி இருந்தால் இன்றே சொல்லுங்கள். எப்போதோ லேசான தடிப்பு வந்தது என்பது வேறு, ஊசி போட்ட சில நிமிடத்தில் முகம் வீங்கி மூச்சுத் திணறியது என்பது வேறு. முதல் வகைக்கு செஃபசோலின் போடலாம், 2 கிராம், பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். இரண்டாம் வகைக்கு கிளிண்டாமைசின், ஆனால் உங்கள் கிருமி அதற்குக் கட்டுப்படுமா என்று லேப் பார்த்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் கிளிண்டாமைசின் வரி இல்லையென்றால், கல்ச்சர் தட்டைத் தூக்கிப் போடுவதற்குள் லேபுக்குப் போன் செய்து கேளுங்கள். அதற்கும் கட்டுப்படாவிட்டால் வான்கோமைசின். அதை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) போட்டு உள்ளே மேலே ஒரு ஸ்வாப் எடுத்துவிட்டு அதையே ஜிபிஎஸ் டெஸ்ட் என்று பில் போடும் இடங்கள் இருக்கின்றன. சரியான முறையில் ஸ்பெகுலமே வேண்டாம். பிறப்புறுப்பின் வாசல் பக்கம் ஒரு சுற்று, பிறகு அதே குச்சி ஆசனவாய்க்குள்ளும் போக வேண்டும். லேபில் நேராகத் தட்டில் தேய்க்காமல் முதலில் என்ரிச்மென்ட் பிராத்தில் (கிருமியைப் பெருக்கும் திரவம்) 18 முதல் 24 மணி நேரம் வளர்க்க வேண்டும். இரண்டில் எது விட்டுப்போனாலும் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரும். நெகட்டிவ் வந்தது என்று நிம்மதியாக இருக்கும் பெண்கள், எங்கே ஸ்வாப் எடுத்தார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் 4 மணி நேரம். தண்ணீர் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். மணி பாருங்கள், நிறம் பாருங்கள், பேட் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். சில்க் போர்டையோ மாரத்தஹள்ளியையோ தாண்டித்தான் ஆஸ்பத்திரி என்றால் சாயங்காலம் 6 மணி நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதையும் கணக்கில் சேருங்கள். இரண்டாவது குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம், பிரசவம் வேகமாக நடக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை "ஜிபிஎஸ் பாசிட்டிவ், தண்ணீர் இத்தனை மணிக்குப் போச்சு" என்பதாக இருக்கட்டும். இரவு டியூட்டி சிஸ்டருக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும் என்றால் "நீரு ஹோகிதே" (தண்ணீர் போய்விட்டது) என்றால் போதும்.

தேதி குறித்த சிசேரியன், வலியும் வரவில்லை, தண்ணீரும் உடையவில்லை என்றால் ஜிபிஎஸ்ஸுக்கென்று தனி ஊசி தேவையில்லை. அந்தத் தேதிக்கு முன்பே வலி வந்தால் கதை மாறும், சொல்லிவிடுங்கள்.

சீமந்தம் முடிந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, சேலமோ வேலூரோ போகப் போகிறீர்களா? அங்கே இருக்கும் டாக்டருக்கு இந்த ரிப்போர்ட் தெரியாது. பிரிண்ட் எடுத்து தாயி கார்டோடு (கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் அட்டை) சேர்த்துப் பின் அடியுங்கள். பல வீடுகளில் ரிப்போர்ட் வாட்ஸாப்பில் கணவர் போனுக்கு வருகிறது, அவர் பெங்களூரில் ஆபீஸில் இருக்கிறார், மனைவி ஊரில் வலியோடு போய் நிற்கிறாள். அவள் உடம்பைப் பற்றிய தாள் அவள் கையில் இல்லை! இது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

4 மணி நேரம் கிடைக்காமல் குழந்தை பிறந்துவிட்டால்? போட்டவரைக்கும் பலன்தான். குழந்தையை 36 முதல் 48 மணி நேரம் கவனிப்பில் வைப்பார்கள். ஒரே நாளில் டிஸ்சார்ஜ் கேட்டு நச்சரிக்காதீர்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் வரை கண் வேண்டும், ஏனென்றால் ஒரு வாரத்துக்குப் பிறகு வரும் வகையை இந்த ஊசி தடுக்காது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 60-க்கு மேல் போனாலோ, மூச்சு விடும்போது முனகினாலோ, காய்ச்சல் 100.4 தொட்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. "சீர் அடிச்சிருக்கு" என்று மந்திரிக்கவோ உரை மருந்து இழைக்கவோ பாட்டிமார் சொல்லலாம். ஆஸ்பத்திரி போய் வந்த பிறகு அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.