விஞ்ஞானக் கேள்வி–பதில்: பளிங்கு வளர்ப்பவர்களுக்கு

போன இதழில் இலந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் மூலகங்களின் பளிங்குகளை ஜெல்லுக்குள் வளர்ப்பது பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இம்முறை. மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: கடைசி வருட ஆய்வுக்காக நியோடிமியம் ஒட்சலேற்று வளர்க்கிறேன். சோடியம் மெற்றாசிலிக்கேற்றுக் கரைசலில் ஒட்சாலிக் அமிலம் கலந்து உறைய விட்டு, மேலே நியோடிமியம் நைத்திரேற்று ஊற்றுகிறேன். நைத்திரேற்று ஊற்ற முன்னரே ஜெல் வெள்ளையாகக் கலங்கிவிடுகிறது. பிறகு வருவதும் வெறும் குறுணி. எங்கே பிழை?
— மாணவன், கோண்டாவில்

பதில்: தம்பி, எல்லாம் எழுதினீர், தண்ணீர் எங்கே எடுத்தீர் என்று எழுதவில்லை. கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும். எங்கள் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருக்கின்றன, தண்ணீர் முழுக்கக் கல்சியம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதனால்தான். ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைக் கண்டால் விடாது, உடனே கல்சியம் ஒட்சலேற்றாக இறக்கிவிடும். கொதிக்க வைத்து ஆற்றினால் போதாது, கல்சியத்தில் ஒரு பங்குதான் படியும். வடித்த நீர் வேண்டும். சந்தேகமென்றால் அதே தண்ணீரில் கொஞ்சம் ஒட்சாலிக் அமிலம் போட்டு ஒரு மணித்தியாலம் வைத்துப் பாரும். ஜெல்லுக்கு இயல்பாக ஒரு மெல்லிய நீல மங்கல் உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

குறுணி வேறு பிரச்சினை. ஆனையிறவில் உப்பு எடுக்கிற வழி இதற்குச் சரிவராது. உப்பு ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் கரையும், வெயில் தண்ணீரை வற்ற வைக்கப் பளிங்காகும். இந்த ஒட்சலேற்றோ நீரில் கரையவே மாட்டேன் என்கிற சாமான். இரண்டு கரைசலையும் நேரே கலந்தால் தூளாகக் கொட்டும். அந்தச் சந்திப்பைப் பிந்த வைப்பதுதான் ஜெல்லின் வேலை. சிலிக்கேற்றுக் கரைசலின் அடர்த்தியை 1.03 இலிருந்து 1.06 வரை மாற்றிப் பாரும். உறைந்த கையோடு ஊற்றாமல் சில நாள் முதிர விடும், நுண்துளைகள் சுருங்கி, பளிங்கு தொடங்குகிற கருக்கள் குறையும். மேல் கரைசலில் கொஞ்சம் நைத்திரிக் அமிலம் சேர்த்தால் ஒட்சலேற்றின் கரைதிறன் கூடும், எண்ணிக்கை குறைந்து ஒவ்வொரு பளிங்கும் பெரிதாகும். குழாயின் சுவரோடு வழிய விட்டு ஊற்ற வேண்டும், நேரே விட்டால் ஜெல்லின் முகம் கிழியும். முகத்தில் நெருங்கி நிற்கிற பளிங்குக் கூட்டத்தை விட்டுவிடும். நல்லது கீழேதான் கிடைக்கும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூடு ஜெல்லை வெடிக்க வைக்கும் என்பதால் குழாய்களை ரெஜிபோம் பெட்டிக்குள் வையும்.

ஒன்று சொல்ல மறந்தேன். யன்னலடியில் ஊதாவாகத் தெரிகிற பளிங்கு ரியூப் லைற்றுக்குக் கீழே நிறம் மாறி நிற்கும். குழாய் மாறிவிட்டது என்று தேடாதேயும். நியோடிமியம் மஞ்சள் ஒளியின் ஒரு ஒடுங்கிய பட்டையை விழுங்குகிறது, ரியூப் லைற்றின் ஒளியும் எல்லா நிறமும் சீராகச் சேராமல் சில நிறக் கோடுகளாகத்தான் வருகிறது.

கேள்வி: வைர முனையைப் பளிங்கில் அழுத்தி அளக்கிற விக்கேர்ஸ் வன்மை 25 கிராம் சுமையில் ஒன்று, 50 கிராமில் வேறொன்று வருகிறது. எதை எழுதுவது?
— மாணவி, சாவகச்சேரி

பதில்: இரண்டையும், எந்தச் சுமை, எந்த முகம் என்று சேர்த்து எழுதும் பிள்ளை. சுமை சொல்லாத வன்மை எண்ணை நான் வாசிப்பதே இல்லை. எதிர் முகங்களுக்கிடையே 136 பாகை உள்ள வைரக் கூம்பகம் பளிங்கில் சதுரமாக ஒரு தடம் பதிக்கிறது. கிலோகிராமில் எடுத்த சுமையை, மில்லிமீற்றரில் எடுத்த மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 1.854 ஆல் பெருக்குகிறோம். 25 கிராமில் மூலைவிட்டம் 30 மைக்ரோன் என்றால் வன்மை 51.5. அதையே 31 என்று வாசித்தால் 48.2. ஒரு மைக்ரோன் கண் தவறினால் இவ்வளவு! ஆகவே முதலில் உமது வித்தியாசம் வாசிப்புப் பிழையை விடப் பெரியதா என்று பாரும்.

பெரியது என்றால் அது உண்மையான விளைவு. சுமை மூலைவிட்டத்தின் n ஆம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்பது மேயரின் விதி. அதன்படி சுமைக்கும் மூலைவிட்டத்துக்கும் மடக்கை வரைபு கீறி அடுக்கு n ஐ எடும். அது 2 க்குக் கீழே என்றால் சுமை கூட வன்மை குறையும், மேலே என்றால் கூடும். n 1.6 ஐத் தாண்டினால் மென்மையான பொருள் என்ற வசனம் எல்லா ஆய்வேட்டிலும் கிடக்கிறது. எழுதும், ஆனால் மூன்று புள்ளியில் கீறிய கோட்டை வைத்து எழுதாதேயும்.

நுணுக்குக்காட்டியில் தடத்தின் உருவத்தையும் பாரும். ஒரு பக்கம் இழுபட்டுப் பட்டம் மாதிரி இருந்தால் பளிங்கு சரிந்து ஒட்டியிருக்கிறது. மூலைகளிலிருந்து வெடிப்பு ஓடினால் அந்தச் சுமை கூடிவிட்டது, அந்த எண் வன்மைக் கணக்கில் சேராது.

கேள்வி: பளிங்குத் தூளின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் உச்சங்களின் இடம் ஏட்டிலுள்ளதோடு பொருந்துகிறது, உயரம் பொருந்தவில்லை. வேறு பொருளா?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் இல்லை. தட்டையான பளிங்குகள் தட்டில் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும், சில அணுத் தளங்கள் மட்டும் உரத்துப் பேசும். இன்னும் மெல்ல அரைத்து, அழுத்தாமல் நிரப்புங்கள். இடமே மாறியிருந்தால்தான் கவலை. பளிங்கைச் சூட்டடுப்பில் உலர்த்தினீர்களா? இலந்தனம், நியோடிமியம் ஒட்சலேற்றுகள் பத்து நீர் மூலக்கூறுகளோடு வளர்பவை. சூட்டில் நீர் போனால் கட்டமைப்பும் போகும். வடிதாளில் வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: அருமண் உண்மையிலேயே அரிதா? வல்லிபுரத்து மணலில் இருக்கிறதா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: பெயரில்தான் அரிது, ஐயா. பூமியின் ஓட்டில் சீரியம் ஏறக்குறையச் செம்பளவுக்கு இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதுதான் பாடு. வல்லிபுரம், அம்பன் பக்கத்து வெள்ளை மணல் சிலிக்கா, கண்ணாடிக்கு உதவும். மேலே சொன்ன சிலிக்கேற்றும் அப்படிப்பட்ட மணலில் செய்வதுதான். அருமண் வேண்டுமென்றால் புல்மோட்டைக் கறுப்பு மணலுக்குப் போக வேண்டும். இல்மனைற்று, சேர்க்கன், ரூற்றைல் ஆகிய கனிப்பொருள்களோடு, அருமண் கொண்ட மொனசைற்றும் அதில் கொஞ்சம் உண்டு. மொனசைற்றில் தோரியமும் சேர்ந்திருக்கும், அது கதிர்வீசும். போத்தலில் அடைத்து அலுமாரியில் வைக்க வேண்டாம். தோரியம் என்றதும் ஆனந்த குமாரசுவாமி நினைவுக்கு வருகிறார். கலை பற்றி எழுதியவர் என்றே பலருக்கும் தெரியும். இலங்கையில் கனிப்பொருள் அளவையை நடத்தி, 1904 இல் தோரியனைற்று என்ற தோரியக் கனிப்பொருளைக் கண்டறிந்தவரும் அவர்தான்.

கேள்வி: இந்த ஒட்சலேற்றுப் பளிங்கை மோதிரத்தில் பதிக்கலாமா?
— இல்லத்தரசி, நல்லூர்

பதில்: வேண்டாம் அம்மா. நகையில் வைக்க முடியாதளவு மென்மையானது, தட்டாரின் ஊதுகுழல் சூடு பட்டாலே நீர் போய் வெளுத்துவிடும். இத்திரியமும் அலுமினியமும் சேர்ந்த கார்னெற்றுப் பளிங்கு வேறு கதை. 1970 பாகை செல்சியசளவில் உருக்கி மெல்ல மெல்ல மேலே இழுத்து வளர்ப்பது, வைரத்துக்கு 10 கொடுக்கிற மோவின் அளவில் வன்மை 8.5. ஒரு காலம் வைரத்துக்குப் போலியாக அதை விற்றிருக்கிறார்கள்.