தரித்திரம் யாரைப் பிடிக்கிறது?

கேள்வி: கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் என் மகள், "நாங்கள் தரித்திரத்தில் வாழ்கிறோம்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு "வறுமையில்" என்று திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானே? கொடிய வறுமையைச் சொல்ல தரித்திரம்தானே அழுத்தமான சொல்? தரித்திரம், தரித்திரியம் இரண்டில் எது சரி?
— ஒரு வாசகி

பதில்: அகராதியைக் கேட்டால் அது உங்கள் மகள் பக்கம்தான் பேசும். தரித்திரம் என்றால் வறுமை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் வாழ்வது அகராதியில் இல்லையே, நம் வாயில் அல்லவா?

அது எந்த வினையோடு சேர்கிறது என்று பாருங்கள். வறுமையில் வாடுகிறோம், உழல்கிறோம். தரித்திரமோ பிடிக்கிறது, பீடிக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்கினால் தரித்திரம் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். எழுதாத பேனாவும் "தரித்திரம் பிடித்த பேனா"தான். பேனாவுக்கு ஏது பணக் கஷ்டம்? ஆக, இந்தச் சொல் கையில் காசில்லை என்பதோடு நிற்பதில்லை. பீடை, மூதேவி ஆகியவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இல்லாதவன்மீதே பழியைப் போடுகிறது. வறுமைக்கோடு என்று எல்லோரும் எழுதுகிறோம். தரித்திரக்கோடு என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

திருக்குறளின் 105ஆம் அதிகாரம் நல்குரவு. கொடிய வறுமைக்கு அங்கே இன்மை, நிரப்பு என்றும் சொற்கள் வருகின்றன. (நிரப்பு என்றால் இல்லாமை! இன்று நாம் தண்ணீர் நிரப்புகிறோம்.) "இன்மை எனவொரு பாவி" என்கிறது 1042ஆம் குறள். அங்கே திட்டு வாங்குவது வறுமை, வறியவன் அல்ல. நம் பேச்சுவழக்கு இதைத் தலைகீழாக்கிவிட்டது.

தரித்திரத்துக்கு மரியாதை கிடைத்த இடமும் உண்டு. விவேகானந்தர் பரப்பி, காந்தியும் எடுத்தாண்ட "தரித்திர நாராயணன்" என்ற தொடரில் ஏழையே இறைவன். ஆனால் அந்த மரியாதை நாராயணன் கூட நிற்கும்வரைதான்.

ஆகவே ஆசிரியை திருத்தியது சரி என்பதே என் கட்சி. அழுத்தம் வேண்டுமென்றால் "கடும் வறுமை" என்று எழுதலாம். விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய கணக்கில் நாளொன்றுக்கு 3 டாலருக்கும் குறைவாக வாழ்வோரை உலக வங்கி 2025 ஜூன் முதல் இந்த வகையில் சேர்க்கிறது. அதற்கு முன் இந்த எல்லை 2.15 டாலர்.

ஆனாலும் விண்ணப்பத்தைப் படிப்பவரை அசைக்கப் போவது இந்தச் சொல்லும் அல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் புலவர் நத்தத்தனார் காட்டும் ஏழை வீட்டு அடுக்களையைப் பாருங்கள். கண் திறக்காத குட்டி முட்டி முட்டிக் குடிக்க, பாலில்லாத தாய்நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. கறையான் அரித்த பழஞ்சுவரில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு வாங்க வழியில்லை என்பதைவிட அந்த அடைத்த கதவுதான் என்னை உலுக்குகிறது.

உங்கள் மகளும் வீட்டு நிலையை அப்படியே எழுதட்டும். சம்பாதிப்பவர் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, எந்தக் கட்டணம் பாக்கி, எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கிறாள் என்று நாலு வரி போதும். அந்த நாலு வரிக்குப் பிறகு "வறுமை" என்று ஒருமுறை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வடமொழியில் தரித்ர என்பது வறியவனைக் குறிக்கும். நிலையைக் குறிப்பது தாரித்ர்ய. தமிழில் நிலைக்குத் தரித்திரம், ஆளுக்குத் தரித்திரன் என்று வழக்கு ஊன்றிவிட்டது. தரித்திரியம் என்று எழுதுவோரும் உண்டு, தவறில்லை. நான் தரித்திரம் என்றே எழுதுவேன்.