வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு கோட்டர். இதுவும் ஆபத்தான குடியா?

கேட்ட தம்பி பாளையங்கோட்டையில் மூன்றாம் ஆண்டு படிப்பதாகச் சொல்கிறார். சனிக்கிழமை மட்டும், அதுவும் ஒரு கோட்டர் மட்டும். இதையெல்லாமா ஆய்வாளர்கள் ஆபத்து என்பார்கள் என்று கேட்கிறார். ரூமில் நாலு பேர், நடுவில் ஒரு மிக்சர் பாக்கெட், ஞாயிறு மதியம் வரை தூக்கம் என்று மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன்.

ஆமாம், என்பார்கள். நான் டாக்டர் இல்லை, மதுவிலக்குப் பிரசாரத்துக்கும் வரவில்லை. சமூகப்பணி முதுகலைக்கு நான் எடுத்த ஆய்வே இதுதான் என்பதால் பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்குவது என் வேலை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள், ‘ஆடிட்’ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய குடி என்று கணக்கு.

மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல். ‘ஒரே தடவையில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள்?’ வண்ணார்பேட்டை ரூம் ஒன்றில் அத்தனை பேரும் ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். “ஆறு ரவுண்டு அடிச்சா மனுசன் எந்திரிப்பானாண்ணே? நாங்க கோட்டரைத் தாண்ட மாட்டோம்லா” என்றான் ஒருவன்.

மூலையில் கிடந்த காலி பாட்டிலை எடுத்து லேபிளைப் படிக்கச் சொன்னேன். 180 மில்லி, 42.8 சதவீதம். அதாவது சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரை விட லேசு என்பதால் எடையில் 60 கிராம் சொச்சம். அந்தக் கேள்வித்தாளில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். கெமிஸ்ட்ரி படிக்கிற பையன் ஒருவன் நம்பாமல் செல்போனில் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தான். அப்புறம், “ஏல, கோட்டரே ஆறு டிரிங்க்ல!” என்று கத்தினான். ரவுண்டு எத்தனை என்பது நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, உள்ளே போகிற கிராம் மாறாது. தாள்களைத் திரும்ப வாங்கி மாற்றி எழுதினார்கள்.

ஆய்வு வழிகாட்டி அந்தத் தாள்களைக் கழித்துவிடச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்துப் பதில் வாங்கிவிட்டேனாம். உள்ளூர் அளவுகளைக் காட்டி விளக்கச் சொல்வதே ஆடிட் கேள்விகளுக்கான கையேடுதான். பக்கத்தைக் காட்டியும் அவர் இறங்கி வரவில்லை. இன்றைக்கும் நான் செய்ததுதான் சரி என்பேன்.

இப்போது தம்பியின் கணக்கு. வாரம் ஒரு நாள் என்பது மாதத்துக்கு இரண்டு முதல் நான்கு தடவை என்ற கட்டத்தில் விழும்: 2. ஒரு நாளில் ஆறு டிரிங்க்: 2. ஆறு டிரிங்க் வாரந்தோறும்: 3. மூன்று கேள்வியிலேயே 7 ஆகிவிட்டது. பத்தாவது கேள்வி, உங்கள் குடியைப் பற்றி வீட்டிலோ நண்பரோ டாக்டரோ கவலைப்பட்டார்களா என்பது. ஒரு வருடத்துக்குள் அம்மா ஒரே ஒரு தடவை சொல்லி அழுதிருந்தாலும் அதற்கு 4. மொத்தம் 11, எட்டைத் தாண்டிவிட்டது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு’ என்று யாராவது வருவார்கள். இந்தக் கேள்விகளைச் சோதித்த ஆறு நாடுகளில் இந்தியா இல்லை, உண்மை. ஆனால் கென்யாவும் மெக்சிகோவும் இருந்தன. அமெரிக்கக் கணக்கையே எடுத்தாலும் அங்கே ஒரு டிரிங்க் 14 கிராம், இரண்டு மணி நேரத்தில் ஆண்களுக்கு ஐந்து டிரிங்க், அதாவது 70 கிராம் உள்ளே போனால்தான் அளவு மீறிய குடி. அதில் உங்கள் கோட்டர் கொஞ்சத்தில் தப்பும். சந்தோஷமா?

இன்னொன்று. ‘எல்லாரும்தான் குடிக்கிறாங்க’ என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கண்டது இதைத்தான்: மற்றவர்கள் குடியை மாணவர்கள் உள்ளதை விடக் கூட்டியே நினைக்கிறார்கள். நான் பார்த்த ரூம்களிலும் தொடாதவன் இருந்தான், கிளாசில் கோலா ஊற்றிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தொடாதவனுக்கும் சேர்த்துத்தான் பெருமாள்புரத்தில் ‘பேச்சிலருக்கு வீடு இல்லை’ போர்டு. வேலை கிடைத்த பிறகும் எனக்கு வீடு தர மறுத்த ஓனர் ஒருவர், வாசலில் நின்று பேசும்போதே முந்தைய நாள் வாடை அடித்தார். குடும்பஸ்தன் குடித்தால் அது வீட்டு விஷயம், பேச்சிலர் குடித்தால் தெருவுக்கே ஆபத்து. அட்வான்ஸ் மட்டும் பத்து மாதம் கேட்பார்கள். சரி, அது வேறு கதை.

குறைக்க முயன்று முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

‘அப்போ பீருக்கு மாறிடவா’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு: 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 41 கிராம். இரண்டு பாட்டில் அடித்தால் கோட்டரைத் தாண்டிவிடும்.