கழிவுநீரில் கரைந்த உப்பை எடுப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், எங்கள் ஆலையில் உயிரியல் சுத்திகரிப்பு நன்றாக ஓடுகிறது, சி.ஓ.டி. (கரிம மாசைக் காட்டும் அளவு) இறங்கிவிட்டது. டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மட்டும் லிட்டருக்கு 6,000 மில்லிகிராமிலேயே நிற்கிறதே?

பதில்: நிற்கத்தான் செய்யும். நுண்ணுயிர்கள் தின்பது கரிமப் பொருளை. சோடியம், குளோரைடு, சல்பேட்டை அவை தொடுவதில்லை. போதாக்குறைக்கு, படிகாரம் போடும்போதும் பி.எச். சரிசெய்ய அமிலமோ காரமோ ஊற்றும்போதும் நாமே உப்பைக் கூட்டிவிடுகிறோம். முதலில் எந்தப் பிரிவிலிருந்து எவ்வளவு உப்பு வருகிறது என்று தனித்தனியாக அளந்து பாருங்கள். சாஃப்டனரை (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி) உப்புநீரால் மீட்கும்போது வரும் ரீஜெனரேஷன் தண்ணீர் மாதிரி கடும் உப்பு ஓடைகளை மற்றதோடு கலக்காமல் பிரித்தாலே பாதி தலைவலி போய்விடும்.

கேள்வி: ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்து, மெம்பரேன் எனும் சவ்வு வழியே தண்ணீரைப் பிரிக்கும் முறை) போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: இல்லை. ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஓரிடத்தில் ஒதுக்குகிறது, அவ்வளவுதான். உங்கள் 6,000 தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்: 100 கன மீட்டர் விட்டு 75 சதவீதம் மீட்டால், 25 கன மீட்டர் ரிஜெக்ட் (ஒதுக்கப்பட்ட உப்புநீர்) ஏறக்குறைய 24,000 டி.டி.எஸ்.ஸோடு கையில் நிற்கும். அதை அப்படியே எவாப்பரேட்டருக்கு (தண்ணீரை ஆவியாக்கும் கருவி) அனுப்பாதீர்கள். உயர் அழுத்த ஆர்.ஓ.வில் 70,000 வரை கொண்டுபோனால் மிஞ்சுவது 9 கன மீட்டருக்கும் குறைவு. ஒரு கன மீட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 630 யூனிட் அளவுக்கு வெப்பம் வேண்டும், ஆர்.ஓ.வுக்கோ சில யூனிட் மின்சாரம் போதும் என்பதால், எவாப்பரேட்டருக்குப் போகும் அளவைக் குறைப்பதில்தான் மொத்தச் செலவும் இருக்கிறது. 70,000-க்கு மேல் சவ்வூடு அழுத்தமே (தண்ணீரைச் சவ்வு வழியே தள்ள மீற வேண்டிய அழுத்தம்) 55 பாரைத் தாண்டிவிடும், சாதாரண மெம்பரேன் திணறும்.

கேள்வி: அண்ணா, மெம்பரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. ஆன்டிஸ்கேலன்டைக் (உப்புப் படிவைத் தடுக்கும் மருந்து) கூட்டலாமா?

பதில்: கூட்டுவதற்கு முன் கடைசி வெசலின் (மெம்பரேன் இருக்கும் குழாய்) வால்பக்க எலிமென்டைக் (மெம்பரேன் சுருள்) கழற்றிப் பாருங்கள். உப்புப் படிவு அங்கேதான் தொடங்கும். வெள்ளைப் படிவில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கிறதா? அப்படியானால் கார்பனேட், பி.எச். குறைத்தாலே அடங்கும். நுரைக்காமல் கல் மாதிரி கிடந்தால் கால்சியம் சல்பேட் அல்லது சிலிக்கா. அதை ஆர்.ஓ.வுக்குள் போகும் ஊட்டுநீரிலேயே எடுத்தாக வேண்டும், மெக்னீசியமும் சுண்ணாம்பும் போட்டு மென்மையாக்கினால் சிலிக்காவும் இறங்கும். முதல் எலிமென்டில் வழவழப்பாக இருந்தால் அது நுண்ணுயிர்கள் வளர்ந்த உயிர்ப்படலம், ஆன்டிஸ்கேலன்டால் பயனே இல்லை. அதற்கு முதலில் காரக் கழுவல், அப்புறம் அமிலம். வரிசை மாறினால் படலம் இன்னும் இறுகிவிடும். இன்னொன்று, உயிர்ப்படலத்துக்குப் பயந்து குளோரினைத் தப்பித்தவறிக்கூட மெம்பரேனுக்குள் விட்டுவிடாதீர்கள், அதன் பாலிஅமைடு அடுக்கு கெட்டுவிடும்.

கேள்வி: அயனிப் பரிமாற்ற ரெசின் (உப்பின் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) சரிவருமா?

பதில்: இந்த டி.டி.எஸ்.ஸுக்கு வேண்டாம். ரெசினை மீட்க ஊற்றும் அமிலமும் காரமும் சேர்ந்து, எடுத்த உப்பைவிட அதிக உப்பு வெளியே வரும்.

கேள்வி: எவாப்பரேட்டருக்கு அப்புறம் உப்பு காயாமல் பிசுபிசுவென்று வருகிறது சார். ஏன்?

பதில்: கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும். இரண்டும் தண்ணீரில் ஏராளமாகக் கரையும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். சோடா சாம்பல் போட்டுக் கால்சியத்தையும், காரத்தால் பி.எச்.-ஐ 11-க்குக் கிட்டே ஏற்றி மெக்னீசியத்தையும் முன்கூட்டியே வீழ்த்திவிடுங்கள். அப்படியும் தாய்நீரில் (உப்பு படிந்தபின் மிஞ்சும் நீர்) கரிமப் பொருள் சேர்ந்துகொண்டே வரும் என்பதால், அதில் ஒரு பங்கை அவ்வப்போது வெளியே எடுத்துத் தனியாக உலர்த்த ஏற்பாடு செய்யுங்கள்.