கால் விரல் எட்டாவிட்டால் யோகா வராதா?

எனக்கு 46 வயது. குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிடுகிறது. "வளையாத உடம்புக்கு யோகா எதற்கு?" என்று என் கணவர் கேலி செய்கிறார். நான் ஆரம்பிக்கலாமா?

முதலில் அவரைக் குனியச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

இன்று யோகா பாடம் எடுக்கும் நான், அதைக் கற்க ஆரம்பித்தபோது எனக்கு 41 வயது. முதல் நாள் என் விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உள்ளங்கையையே தரையில் பதித்துக்கொண்டு நின்றாள். அழுகை வராத குறைதான்.

தொடையின் பின்பக்கத் தசைகள், நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பிலிருந்து கிளம்பி முழங்காலுக்குக் கீழே போய் முடிகின்றன. அவை இறுகியிருந்தால் காலை நீட்டிக் குனியும்போது இடுப்பு முன்னால் சாயாது. இடுப்பு வராததை முதுகை வளைத்து ஈடுகட்டப் பார்ப்போம். கூன் போட்டு, கழுத்தை நீட்டி, எப்படியோ கட்டைவிரலைப் பிடித்துவிட்டு "தொட்டுட்டேன்" என்போம். பாரமெல்லாம் கீழ் முதுகில்தான் விழும். அதனால் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தானாசனத்துக்கு உட்காரும்போது ஒரு தடித்த போர்வையை நாலாக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்காலைத் தாராளமாக மடித்துக்கொள்ளுங்கள். வயிறு தொடையில் படட்டும். கை எங்கே வருகிறதோ அங்கே இருக்கட்டும். அந்த நிலையில் மூச்சு தடையில்லாமல் போய்வந்தால் ஆசனம் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றுதான். உறுதியாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். கால் விரலைத் தொடச் சொல்லி எங்கேயும் இல்லை. இதைக் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மூன்று மாதமாக, இரண்டு பாதத்தையும் எதிர்த் தொடையில் ஏற்றி உட்காரும் பத்மாசனம் பழகுகிறேன். இடது முழங்கால் வலிக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் வரும் என்கிறார்கள். நான் என்ன செய்ய?

நிறுத்துங்கள், தம்பி. இன்றைக்கே.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கற்ற இடத்தில் ஒருவர், தூக்கி நின்ற என் இடது முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்து "இன்னும் கொஞ்சம்தான்" என்று அழுத்தினார். உள்ளே 'களுக்' என்று ஒரு சின்னச் சத்தம். அன்றைக்குப் பெரிய வலி இல்லை. மறுநாள் காலை படியில் இறங்க முடியவில்லை. ஆறு வாரம் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினேன்.

முழங்கால் கதவுக் கீல் போன்றது. மடங்கும், நீளும், திருகுவது அதன் வேலை இல்லை. பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் முழுக்க இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த மூட்டின் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். தசையைப் பழக்கலாம், எலும்பைப் பழக்க முடியாது. இடுப்பு திரும்ப மறுக்கும்போது பாதத்தைப் பிடித்து இழுத்தால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வின் மேல்தான் போகும்.

ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கணுக்காலை எதிர்த் தொடையின் மேல் வையுங்கள். முழங்கால் கணுக்காலைவிட நன்றாக மேலே தூக்கி நிற்கிறதா? உங்கள் இடுப்பு இன்னும் தயாராகவில்லை. அந்த இருப்பிலேயே தினமும் ஒரு நிமிடம் இருந்து வாருங்கள், போதும். தியானத்துக்கு உட்காரச் சம்மணம் தாராளம். திருமூலரும் பத்மாசனம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. சுவத்திகம் முதலான வேறு இருக்கைகளையும் சொல்லியிருக்கிறார்.

வலியைப் பற்றி ஒரு கணக்கு. தசையின் நடுவில் இழுவை தெரிந்தால் தொடரலாம். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, மரத்துப்போனாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். எனக்கு இன்றுவரை பத்மாசனம் வராது. பாடம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வியர்க்க வியர்க்க ஒரு மணி நேரம் செய்கிறேன். நச்சு வெளியேறுகிறது என்கிறார்கள். எடை மட்டும் குறையவே இல்லையே?

வியர்வை உடம்பைக் குளிர வைப்பதற்கு. பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். கழிவை அகற்றுகிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் தூங்கும்போதும் செய்துகொண்டிருக்கின்றன.

எடை விஷயத்தில் உண்மையைச் சொன்னால் என் வகுப்புக்கு ஆள் குறையும். நிதானமாகச் செய்யும் ஆசனங்கள் ஏறக்குறைய மெதுவாக நடப்பதற்கு ஆகும் சக்தியைத்தான் செலவழிக்கும். வேகமான சூரிய நமஸ்காரத்தில் கொஞ்சம் கூடும். எடைதான் குறி என்றால் விறுவிறுப்பான நடையும் சாப்பாட்டில் கவனமும் வேண்டும். யோகா கூடவே இருக்கட்டும்.

காலையில்தான் செய்ய வேண்டுமா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து?

உங்களால் தினமும் ஒதுக்க முடிகிற நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். காலையில் உடம்பு இறுகியிருக்கும், மாலையில் இளகியிருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள்.

மூச்சை வேக வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்யும்போது தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியில் மின்சாரம் ஓடுவது போல இருக்கிறது. முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாகச் சொல்லும் குண்டலினி சக்தி எழும்புகிறதா?

இல்லை. மூச்சை அளவுக்கு மீறி வேகமாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும். அதனால் கிறுகிறுப்பு. விரல் குறுகுறுப்பும் இதோடு சேர்ந்ததுதான். நிறுத்திவிட்டு மூக்கு வழியாகச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடுத்த முறை எண்ணிக்கையையும் வேகத்தையும் பாதியாக்குங்கள். அப்படியும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதன் பக்கமே போக வேண்டாம்.

வயது 61. கண்ணில் க்ளாக்கோமா. ஆசனங்களின் அரசன் என்கிறார்களே, சிரசாசனம் கற்றுக்கொள்ளட்டுமா?

வேண்டாம் ஐயா. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. க்ளாக்கோமாவில் கண் நரம்புக்கு எதிரியே அந்த அழுத்தம்தான். தலை தாழ்கிற மற்ற ஆசனங்களையும் உங்கள் கண் டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அரசன் இல்லாமலே இந்த ராஜ்ஜியம் நன்றாக நடக்கும்.

சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன். குறட்டை வேறு. வகுப்பில் மானம் போகிறது.

படுத்ததும் தூக்கம் வந்தால் இரவுத் தூக்கம் போதவில்லை என்றுதான் முதலில் நினைப்பேன். முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்றிப் படுத்துப் பாருங்கள். தூங்கினால் கால் சரிந்து விழிப்பு வந்துவிடும். குறட்டைக்கு ஒருக்களித்துப் படுக்கலாம், அதுவும் சவாசனக் கணக்கில் சேரும்.

மானம் போகிறது என்றீர்களே, எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். மூன்றாவது நிமிடம் அவர் குறட்டை கிளம்பும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மற்றவர்களும் அதே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். போன வாரம் அவர் வரவில்லை. அன்றைக்கு யாருக்குமே சவாசனம் சரியாக அமையவில்லை.